மச்சானுக்குச் செய்த கைப்பிடி

என் அக்காள் புருஷனின் வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் இருந்தன. அந்த இரண்டை வைத்துக்கொண்டே அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார், சட்டைக்குப் பொத்தான் போடுவார், மகளின் மூக்கைத் துடைத்துவிடுவார். அவரை நினைக்கும்போதெல்லாம் முகத்துக்கு முந்தி அந்தக் கைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. சூரமங்கலத்தில் நான் வேலை பார்த்த பட்டறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு அந்தக் கையை என் முன் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒரு சணல் நூலை அதைச் சுற்றிப் பிடித்து, அளவுக்கு முடிச்சுப் போட்டேன். நூல் கூசுகிறது என்று அவர் சிரித்தார்.

பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், காவேரிக் கரையில் அவருடைய ஊர். அக்காளைக் கட்டிக்கொண்ட சமயத்தில் ஓர் அரிசி மில்லில் இஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், ஓடுகிற பெல்ட்டில் கை சிக்கி விரல்கள் போயின. காயம் ஆறுவதற்குள் மில்லில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறைப்பட்டுப் பேசியதில்லை. அப்போது எங்கள் பக்கத்துத் தோட்டங்களில், கிணற்றில் தண்ணீர் இறைக்கவும் கரும்பு ஆட்டவும் எண்ணெய் இஞ்சின்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. வாங்கி வைத்தவர்களுக்கு ஓட்டத் தெரியும். நின்றுபோனால் என்ன செய்வதென்று தெரியாது. மச்சான் ஊர் ஊராகப் போய் அவற்றைச் சரிசெய்ய ஆரம்பித்தார். ஓடுகிற இஞ்சினின் மேல் ஒரு மரக்குச்சியை ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். “நாடி பாக்கறேன் மாப்ளே, பேசாம இரு” என்பார். எந்த இடத்தில் தேய்மானம், எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்பது அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் வேலை செய்ய இரண்டு கை வேண்டும். ஒரு கை இரும்பைப் பிடித்துக்கொண்டால்தான் இன்னொரு கை அரத்தைப் போட முடியும். அவரால் அந்த வலது கையால் எதையும் அழுத்திப் பிடிக்க முடியாது. அதனால் ஒரு வைஸ் வாங்கினார். இரும்பைத் தாடையில் கவ்விப் பிடித்துக்கொள்ளும் அந்தக் கருவியை ஆசாரிமார் பிடிசிராவி என்பார்கள். பட்டறைகளில் அதை மேசையோடு முடுக்கி வைத்திருப்பார்கள்; யாரும் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. மச்சான் அதை ஒரு கனமான வாகைப் பலகையின் மேல் முடுக்கி, பலகைக்குக் குறுக்கே ஒரு கம்பியை வளைத்துக் கைப்பிடியாக அடித்து, போகிற தோட்டத்துக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு மணங்கு, இன்றைய கணக்கில் இருபது கிலோவுக்குக் குறையாத கனம். ஏன் இந்தப் பாடு என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, “மத்தவிகளுக்கு இது சாமான் மாப்ளே. எனக்கு இதுதான் சோத்துக் கை” என்றார். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

அந்தக் கம்பிக் கைப்பிடிதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கனத்துக்கு அது வளைந்து, இடது உள்ளங்கையை அறுத்தது. நடக்க நடக்கக் கை மாற்ற முடியாது. மாற்றுவதற்கு இன்னொரு கை இல்லை. ஒருநாள் வரப்பில் போகும்போது கம்பி ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு, வைஸ் அவர் கால் பெருவிரலின் மேல் விழுந்தது. நகம் கறுத்து, ஒரு மாதம் நொண்டினார். அப்புறம்தான் பஸ் ஏறிச் சூரமங்கலத்துக்கு வந்தார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. பட்டறையில் என் வேலைக்கு நல்ல பெயர் இருந்தது. அம்மாவை இழந்த என்னை வளர்த்து ஆளாக்கிய அக்காளின் புருஷன், எனக்காக ஒன்று செய்து கொடு என்று கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

யுத்த காலம். நல்ல இரும்பு கிடைக்காது. பட்டறைக்குப் பின்னால் ஓர் உடைந்த லாரியின் வில் பட்டைகள் கிடந்தன. முதலாளியிடம் கேட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். அவருக்கு நல்ல கையிலும் கனம் தெரியக்கூடாது, விரல் வேண்டிய அவசியமும் இருக்கக்கூடாது என்று யோசித்தேன். கூடையை முன்கையில் மாட்டிக்கொண்டு போகிற பெண்களைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது. வலது முன்கையை உள்ளே விட்டு மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு வளையம். அப்படியானால் இடது கை சும்மா இருக்கும். குடை பிடிக்கலாம், வேலி தாண்டலாம். உலையில் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, ஒரு குழாயின் மேல் வைத்து வளைத்தேன். பலகைக்கு அடியில் ஒரு தகட்டைக் கொடுத்து, அதோடு வளையத்தின் இரண்டு கால்களையும் நான்கு தறையாணிகளால் சேர்த்து அடித்தேன். ஜங்ஷனுக்கு வெளியே செருப்புத் தைக்கிறவர் வளையத்தின் உட்பக்கம் மாட்டுத் தோலைச் சுற்றித் தைத்துக் கொடுத்தார். மச்சான் மாட்டிப் பார்த்தார். பட்டறை வாசலிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தார். முகம் மலர்ந்திருந்தது. “கனமே தெரியலையே மாப்ளே!” என்றார். அவர் போன பிறகும் அந்த நாள் முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன். நான் செய்த எந்தச் சாமானுக்கும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

ஒன்றரை மாதம் கழித்து மறுபடியும் வந்தார். வளையம் கொஞ்சம் அகலமாக இருந்ததால், நடக்கும்போது முழங்கைக்கும் மணிக்கட்டுக்குமாக வழுக்கிக்கொண்டே இருந்ததாம். பலகை ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்பில் இடித்தது. சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடுப்பெலும்புக்கு மேல் கன்றிப் போயிருந்தது. “கொஞ்சம் எறுக்கிக் குடு மாப்ளே” என்றார். மறுபடியும் உலையில் வைத்து, வளையத்தின் வாயைக் குறுக்கினேன். இந்த முறை கை அசையாமல் உட்கார்ந்தது. நடு விரல்கள் இல்லாத கையானதால் உள்ளே நுழைப்பது எளிது. வெளியே எடுப்பதற்குத்தான் பலகையைத் தரையில் வைத்து, கையைத் திருப்பி, கட்டை விரலின் அடி தட்டாமல் மெல்ல உருவ வேண்டியிருந்தது. அதை நான் கவனித்தேன். கவனித்தேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். “அவசரத்துக்குக் கையைச் சட்டுனு எடுக்க முடியாதாட்ட இருக்குதுங்களே மச்சான்” என்று கேட்டேன். “எறக்கி வெச்சுப்போட்டுத்தானே எடுக்கப் போறேன், அவசரம் என்ன?” என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஒரு கொக்கி போட்டுத் திறந்து மூடுகிற மாதிரி செய்திருக்கலாம். இன்னும் அரை நாள் வேலை. கொக்கி வைத்தால் அந்த இடத்தில் பலம் குறையும் என்று நினைத்தேன். என் வளையத்தின் பலத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

ஐப்பசியில் மழை கொட்டியது. காவேரி கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்ததாம். அக்கரையில் ஒரு தோட்டத்தில் கரும்பு வெட்டிக் குவித்துவிட்டார்கள். ஆட்டுகிற இஞ்சின் நின்றுபோயிற்று. வெட்டின கரும்பு நாலு நாள் கிடந்தால் புளித்துப் போகும், வெல்லம் இறுகாது. தோட்டத்து ஆள் ஒருவன் பரிசலில் வந்து மச்சானை அழைத்தான். தண்ணீர் வடியட்டும் என்று அக்காள் சொல்லியிருக்கிறாள். “ஒரு வருசப் பாடு கண்ணு அவிகளுக்கு. பொழுதோட வந்துருவேன்” என்று சொல்லிவிட்டு, மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டுப் போனார்.

எனக்குச் செய்தி வந்தது மறுநாள் முற்பகல். பரமத்தி வேலூரிலிருந்து வருகிற பஸ்ஸின் கண்டக்டர் பட்டறைக்குள் வந்து, என் பெயரைச் சொல்லிக் கேட்டார். “உங்க மச்சானுக்கு ஆத்துல ஆபத்துங்க. மணியக்காரர் உங்களைக் கையோட வரச் சொன்னாரு. உளியும் சுத்தியும் எடுத்துட்டு வரோணுமாம்” என்றார். எதற்கு உளி என்று அவருக்கும் தெரியவில்லை. கரிப்புகையில் ஓடுகிற அந்தக் கால பஸ், மேடு வந்தால் மூச்சு வாங்கும். இறங்கித் தள்ளச் சொல்வார்கள். உளியையும் சுத்தியலையும் ஒரு சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இஞ்சினுக்குள் யாராவது சிக்கியிருப்பார்களோ, படகுத்துறைச் சங்கிலியோ என்று என்னென்னவோ நினைத்தேன். நாமக்கல் மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், உளி எதற்கென்று எனக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர், “ஏனுங்க, ஒடம்பு செரியில்லீங்களா?” என்று கேட்டது காதில் விழுந்தது.

துறைக்குக் கீழே இரண்டு மைல் தள்ளி, கோரைப்புல் மண்டிய ஒரு திட்டில் அவர் ஒதுங்கியிருந்தார். கரையில் வேப்ப மரத்தடியில் ஒரு பாயில் கிடத்தியிருந்தார்கள். இடது கை மார்பின் மேல் மடங்கி இருந்தது. வலது கை பக்கவாட்டில் நீட்டியபடி, வளையத்துக்குள் இருந்தது. வைஸ் அதோடு இருந்தது. கை வீங்கிவிட்டது, தோல் தண்ணீரில் ஊறி உப்பிவிட்டது, எந்தப் பக்கமும் அசைக்க முடியவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போவதா, கையை ஏதாவது செய்வதா என்று பேசியிருக்கிறார்கள். அப்போது அக்காள்தான், “என் தம்பி இரும்பு வேலை தெரிஞ்சவன், அவன் வரட்டும். அவரு கையில யாரும் கத்தி வெக்கக் கூடாது” என்று சொன்னாளாம்.

பரிசல்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓரமாகக் குந்தியிருந்தார். வயதானவர். என் பக்கம் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: “நாந்தானுங்க சொன்னேன். பரிசலடியில வெச்சா முனை குத்திப் பரிசல் தோலு கிழிஞ்சு போகும், மடியில வெச்சுக்குங்க சாமின்னு நாந்தானுங்க சொன்னேன். அவரும் கையை உள்ள உட்டு மடியில வெச்சுக்கிட்டாருங்க. நடு ஆத்துல சுழி வந்துருச்சு. கவுந்து போச்சு. நானும் அந்தத் தோட்டத்து ஆளும் பரிசலைப் புடிச்சுக்கிட்டோம். அவரு ரெண்டு தடவை மேல வந்தாருங்க. எடது கையில அடிச்சாரு. வலது கையை ஒதறி ஒதறிப் பாத்தாரு, வரலீங்க. மூணாந் தடவை வரலீங்க.” காவேரிக் கரையில் பிறந்தவர் மச்சான். ஆடிப் பெருக்கில் அக்கரைக்கு நீந்திப் போய் வந்தவர்.

மணியக்காரர் வாங்கி வைத்திருந்த இரும்பறுக்கும் வாளைப் பட்டையில் போட்டேன், பல் ஏறவில்லை. வில் பட்டையை வளைத்த பிறகு, நன்றாகப் பதமேற்றி இறுக்கியிருந்தேன். கடைசியில் பலகையைச் சரித்து, அடியில் இருந்த தறையாணிகளின் தலையை உளியால் வெட்டத் தொடங்கினேன். நான்கு ஆணிகள். அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் மச்சானின் கை அதிர்ந்தது. இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் ஆணி போவதற்கே வெகுநேரம் ஆயிற்று. சுற்றி நின்ற கூட்டத்தில் யாரோ ஒருவர், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல், “என்ன கெட்டிங்க! எவஞ் செஞ்சானோ, நல்லாத்தான் செஞ்சிருக்கான்” என்றார். நான் தலை நிமிரவில்லை. மச்சானின் அண்ணன் அழுகையோடு கத்தினார்: “எந்தப் பாவி செஞ்சு குடுத்தான் இதை? அவன் வெளங்குவானா? எங்கே வாங்கினான்?” உளியைப் பிடித்திருந்த என் கை நின்றுவிட்டது. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அக்காளின் குரல் கேட்டது. “கரூர்ச் சந்தையில வாங்கியாந்தாருங்க” என்றாள். சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, “நிறுத்தாதே சாமி, அடி” என்றாள்.

மீதி மூன்று ஆணிகளையும் வெட்டினேன். நாலாவது தெறித்ததும் வளையத்தை விரித்து, அவர் கையை எடுத்துப் பாயின் மேல் வைத்தேன். தோல் பதிந்த தழும்பு முன்கையைச் சுற்றி இருந்தது. அக்காள் தன் முந்தானையால் அதைத் துடைத்தாள். ஈரத்தைத் துடைப்பது போல நிறைய நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வளையத்தைப் பற்றி நாங்கள் பேசவில்லை. முப்பது வருஷங்கள் பேசவில்லை. நான் வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை போவேன். மகளின் படிப்பு, மாடு கன்று, மழை, என் கல்யாணம், என் பிள்ளைகள் என்று எல்லாம் பேசுவோம். அவள் இரண்டு எருமைகளை வைத்துக்கொண்டு, பால் ஊற்றி, அந்தப் பெண்ணை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். ஆற்றுக்கு மட்டும் போகமாட்டாள். துணி துவைக்கக்கூடக் கிணற்றடிதான். மச்சானின் அண்ணன் கடைசி வரைக்கும் என்னைச் சொந்தத் தம்பி போலவே நடத்தினார். அவர் என்னைத் தோளில் கைபோட்டு அழைத்துப் போய் இலை போட்டுச் சோறு பரிமாறும்போதெல்லாம் பாதி இலையிலேயே எழுந்துவிடுவேன். பட்டறையில் நான் மேஸ்திரி ஆனேன். யாராவது ஒரு சாமானுக்குக் கைப்பிடி வேண்டுமென்று வந்தால், வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வேன். அக்காள் என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொன்னாள், உள்ளுக்குள் என்னை மன்னிக்கவில்லை, அதனால்தான் பேசாமல் இருக்கிறாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டு போவேன். அவள் காபித் தம்ளரை நீட்டியவுடன் தைரியம் போய்விடும்.

என் மனைவி இறந்த வருஷம், இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. ஒரு மத்தியானம் அக்காள் வீட்டுக்குள் முறத்தை வைத்துக்கொண்டு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். “அக்கா, அந்த வளையம்...” என்று ஆரம்பித்தேன். முறம் நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கை சட்டென்று வராது என்று எனக்கு அப்போதே தெரியும் என்பதை, கொக்கி வைத்திருக்கலாம் என்பதை, வைக்காமல் விட்டதன் காரணத்தை, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் முறத்தைப் பக்கத்தில் வைத்தாள்.

“நீ என்னடா சாமி இதைச் சொல்றே?” என்றாள். “அவரு ரெண்டாந் தடவை உங்கிட்ட வாரேன்னே சொல்லலை. லூசா இருந்தாலும் சவுகரியமாத்தான் இருக்குது, பழகிப் போயிரும்னுதான் சொன்னாரு. இடுப்பு கன்னிப் போச்சேன்னு நாந்தான் புடிச்ச புடியா நின்னேன். எந்தம்பிகிட்டப் போயி எறுக்கி வாங்கிட்டு வந்தாத்தான் சோறு போடுவேன்னு சொன்னேன். நாந்தாண்டா பஸ் ஏத்தி உட்டேன்.”



“உனக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றாள். “அவரு உங்கிட்டச் சொல்லியிருப்பாரு, உங்கக்காதான் அனுப்புச்சாள்னு. அதான் நீ எம்மூஞ்சியைப் பாக்காமப் பேசறேன்னு நெனச்சேன். இத்தனை வருசமும் அப்படித்தான் நெனச்சேன்.”

மச்சான் அதை என்னிடம் சொல்லவே இல்லை. பெண்டாட்டி சொல்லித்தான் வந்தேன் என்று மைத்துனனிடம் சொல்லக் கூச்சப்பட்டிருப்பார். நான் அதை அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, உட்கார்ந்த இடத்திலேயே, தலையைக் குனிந்து அழ ஆரம்பித்தாள். முதலில் சத்தமில்லாமல் இருந்தது. அப்புறம் அது பெருகி, மார்பில் அடித்துக்கொண்டு, அவர் அன்றைக்குத்தான் போனது போல, ஊர் கேட்க ஓலமிட்டாள். வேப்ப மரத்தடியில்கூட அவள் அப்படி அழவில்லை. அன்றைக்கு என்னைக் காப்பாற்ற வேண்டியிருந்தது அவளுக்கு. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னாலும் அடக்க முடியவில்லை.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்திலிருந்து ஓடி வந்தார்கள். எல்லோரும் இளம் வயதுக்காரர்கள். அந்தத் தெருவுக்குப் பிற்பாடு குடிவந்தவர்கள், மச்சானைப் பார்த்தே அறியாதவர்கள். வாசலில் நின்ற ஒரு பெண் இடுப்புக் குழந்தையோடு உள்ளே எட்டிப் பார்த்து, பதறிப் போய், “ஏனுங்க ஆத்தா, என்னாச்சுங்க? யாருக்கு என்னங்க ஆச்சு?” என்று கேட்டாள்.

அக்காள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். “எங்கூட்டுக்காரரு ஆத்தோட போயிட்டாருங்க” என்றாள்.